மயிலாப்பூர் ஹெரிடேஜ் வாக்: எந்த நடைக்குக் காசு கொடுக்கலாம்?

மயிலாப்பூரில் கைடோடு நடக்கும் வாக் இப்போது பல வகை. தனி ஆள் நடத்துவது உண்டு, டிராவல் கம்பெனி நடத்துவது உண்டு, ஆகஸ்டில் மெட்ராஸ் டே ஒட்டி இலவசமாக நடப்பதும் உண்டு. சில கோயிலை மையமாக வைத்தவை, சில சாப்பாட்டை, சில பழைய வீடுகளை. கட்டணம் சில நூறு ரூபாயில் தொடங்கி, வெளிநாட்டுப் பயணிகளுக்கான தனி நடை என்றால் ஆயிரத்தைத் தாண்டிப் போகும். விலையைப் பார்த்து நடையின் தரத்தைக் கணிக்க முடியாது. எந்தப் பாதையில் போகிறார்கள், எத்தனை பேரைச் சேர்க்கிறார்கள், கைடு எதைத் தெரிந்து பேசுகிறார் என்ற மூன்றைப் பார்த்துத்தான் கணிக்க முடியும்.

முதலில் பாதை. கபாலீசுவரர் கோயிலையும் குளத்தையும் சேர்த்துச் சுற்றியிருப்பவை வடக்கு, கிழக்கு, தெற்கு மாட வீதிகளும் மேற்கே ராமகிருஷ்ண மடம் சாலையும். சும்மா ஒரு சுற்று வந்தால் ஒரு கிலோமீட்டருக்குச் சற்று மேல், இருபது நிமிடம். அந்த ஒரு சுற்றையும் தெற்கே ஒட்டியுள்ள சித்திரகுளம் பகுதியையும் இரண்டரை மணி நேரத்தில் நிதானமாகக் காட்டும் நடைக்குக் கொடுக்கும் பணம் வீண்போகாது. "கபாலி கோயில், லஸ் சர்ச், சாந்தோம், மார்க்கெட், டிபன், எல்லாம் இரண்டு மணி நேரத்தில்" என்று விளம்பரம் செய்யும் நடையில் சேர வேண்டாம். சாந்தோம், கபாலி கோயிலிலிருந்து கிழக்கே ஒரு கிலோமீட்டருக்கு மேல். லஸ் நேர் எதிர்த்திசையில். இரண்டையும் கோர்த்தால் பாதி நேரம் கச்சேரி சாலையின் வண்டிகளுக்கு ஒதுங்கி நிற்பதிலேயே போய்விடும். அப்படிப்பட்ட நடைகளில் கோயிலுக்குக் கிடைப்பது பதினைந்து நிமிடம்தான்.

பதிவு செய்யும்போதே கேட்க வேண்டிய முதல் கேள்வி, எங்கே கூடுவது என்பது. "கோயில் வாசலில்" என்ற பதில் போதாது. கிழக்கே பெரிய கோபுர வாசல், மேற்கே குளத்தைப் பார்த்த வாசல் என்று எதிரெதிரே இரண்டு இருக்கின்றன. புதிதாக வருபவர் ஒன்றில் நிற்க, கூட்டம் மற்றதில் கிளம்பிவிடும். எந்த வாசல், எந்தக் கடை முன்னால் என்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பறக்கும் ரயிலில் வருபவர்கள் திருமயிலை நிலையத்தில் இறங்கினால் பத்து நிமிட நடை. கச்சேரி சாலைப் பக்கம் கூடுவதாக இருந்தால் முண்டகக்கண்ணியம்மன் கோயில் நிலையம் தோது. பஸ் என்றால் மயிலாப்பூர் டேங்க் நிறுத்தம். காரில் வருவதைத் தவிருங்கள். மாட வீதிகளில் நிறுத்த இடமில்லை. மெட்ரோ இரண்டாம் கட்டப் பணி முடியும்வரை லஸ் முனைப் பக்கம் தடுப்புகளும் ஒருவழிகளும் மாறிக்கொண்டே இருக்கும். போன மாதம் திரும்பிய இடத்தில் இந்த மாதம் திரும்ப முடியாது.

கோயிலில்தான் ஒரு கைடின் தரம் தெரியும். கிழக்குக் கோபுரம் ஏறக்குறைய 120 அடி உயரம், சுதைச் சிற்பங்கள் நிறைந்தது, 1906இல் எழுந்தது. அதைப் பார்த்ததும் அதுதான் முன்வாசல் என்று எல்லோரும் நினைத்துக்கொள்வார்கள். ஆனால் கருவறையில் கபாலீசுவரர் மேற்கு பார்த்து இருக்கிறார். கொடிமரம், நந்தி, குளம் எல்லாம் மேற்கே. கிழக்கு வாசலில் நுழைபவர் சுவாமியின் முதுகுப் பக்கமாக வந்து, பிராகாரத்தில் பாதி சுற்றிய பிறகே சன்னதியின் முன்னால் வந்து நிற்கிறார். கற்பகாம்பாள் சன்னதி தெற்கு பார்த்தது. நல்ல கைடு இதை வாயால் சொல்வதற்கு முன் கூட்டத்தைக் கொடிமரத்தின் அருகே நிறுத்தி, "சூரியன் எங்கே இருக்கிறது பாருங்கள், சுவாமி எந்தப் பக்கம் பார்க்கிறார்?" என்று கேட்டுவிடுவார். அந்த ஒரு கேள்வியில் கோயிலின் அமைப்பே பிடிபட்டுவிடும். கிழக்கு வாசலிலேயே நின்று பத்து நிமிடம் புராணம் சொல்லிவிட்டு, வேகமாக ஒரு சுற்று சுற்றி வெளியே கூட்டிப்போகும் நடையில் இது கிடைக்காது.

இரண்டாவது சோதனை, கோயிலின் வயது. "இது ஏழாம் நூற்றாண்டுப் பல்லவர் கோயில்" என்று தயங்காமல் சொல்லும் கைடுகள் நிறைய பேர் இருக்கிறார்கள். தவறு. தலம் பழையது, இப்போது நிற்கும் கட்டடம் பழையது அல்ல. பழைய கோயில் கடலோரத்தில் இருந்தது; போர்ச்சுகீசியர் காலத்தில், 16ஆம் நூற்றாண்டில் அழிந்தது; இன்றைய இடத்தில் பிறகு எழுப்பப்பட்டது. சாந்தோம் பக்கம் கிடைத்த சோழர் காலக் கல்வெட்டுத் துண்டுகள் இதற்கு ஒரு சான்று. இன்னொரு சான்று பாட்டில் இருக்கிறது. பாம்பு தீண்டி இறந்த பூம்பாவையின் அஸ்திக் குடத்தின் முன் ஞானசம்பந்தர் பாடியதாகச் சொல்லப்படும் பதிகம் ஐப்பசி ஓணம், கார்த்திகை விளக்கீடு, தைப்பூசம், மாசிக் கடலாட்டு, பங்குனி உத்திரம் என்று மயிலையின் திருவிழாக்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, இவற்றைக் காணாமலே போகிறாயோ என்று கேட்கிறது. புன்னை மரம் நிற்கும் கானலும் (கடற்கரைச் சோலை) கடலாட்டும் உள்ள ஊர் அது. இன்றைய கோயிலில் நின்றால் கடல் கண்ணுக்குத் தெரியாது. பாட்டுக்கும் இடத்துக்கும் உள்ள இந்த இடைவெளியைக் காட்டி, கோயில் இடம் மாறிய கதையைச் சொல்லும் கைடு கிடைத்தால் அவரோடு இன்னொரு நடைக்கும் போகலாம். பிராகாரத்தில் பூம்பாவைக்குச் சன்னதி இருக்கிறது; அதன் முன் நின்று சொன்னால் இன்னும் நன்றாக மனதில் பதியும்.

கதையைக் கதையென்றும், ஆவணத்தை ஆவணமென்றும் பிரித்துச் சொல்வது முக்கியம். அம்பாள் மயிலாக வந்து புன்னை மரத்தடியில் பூசித்தது தலபுராணம். அதைப் புன்னையின் கீழ் உள்ள சிறு சன்னதியில் நின்று கேட்பது இனிமை, கேளுங்கள். குளத்துக்கான நிலத்தை ஆற்காட்டு நவாப் கொடுத்தார், அதனால் மொகரம் நாளில் முஸ்லிம்கள் குளத்தைப் பயன்படுத்தும் வழக்கம் உண்டு என்பது இந்தப் பகுதியில் வழிவழியாகச் சொல்லப்படுவது. கபாலி கோயில் குளம் என்றால் இதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். விட்டுவிட்டால் அந்தக் குளத்தின் கதை பாதிதான்.

உள்ளே போகும் நடைமுறை பற்றிச் சில விஷயங்கள். கோயில் காலையில் திறந்து நண்பகல் வாக்கில் நடை சாத்தும். மீண்டும் மாலை நான்கு மணி வாக்கில் திறக்கும். ஆகவே பத்தரைக்குத் தொடங்கும் நடை என்றால் கோயில் பகுதியை அவசரப்படுத்துவார்கள் என்று முன்கூட்டியே புரிந்துகொள்ளலாம். இந்து அல்லாதவர்கள் பிராகாரம் வரை வரலாம், கருவறைப் பக்கம் அனுமதி இல்லை. கலந்த குழு என்றால் கைடு இதை வாசலிலேயே சொல்லிவிட வேண்டும், உள்ளே வந்தபின் ஒருவரைத் தனியாக நிறுத்துவது சங்கடம். கோயில்களில் செல்போனுக்குத் தடை விதிக்கச் சொல்லி உயர் நீதிமன்றம் 2022 டிசம்பரில் உத்தரவிட்டது; படம் எடுப்பதை வெளியில் வைத்துக்கொள்ளுங்கள். அரைக்கால் சட்டை, கையில்லாத மேலாடை வேண்டாம். செருப்பை விட இடம் உண்டு, சில்லறை எடுத்து வையுங்கள். மார்ச் முதல் ஜூன் வரை ஒன்பது மணிக்கே பிராகாரக் கல் சுடத் தொடங்கிவிடும். குழந்தைகளுக்குக் காலுறை ஒரு ஜோடி பையில் இருக்கட்டும்.

படம் எடுக்கவே வருகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. காலை வெயில் கிழக்குக் கோபுரத்தின் முகத்தில் விழும், அந்த நேரம் அங்கே எடுங்கள். குளத்தில் கோபுரம் பிரதிபலிக்கும் படம் வேண்டுமென்றால் மேற்குக் கரையில் நின்று கிழக்கே பார்த்து எடுக்க வேண்டும். காலையில் வெயில் லென்ஸுக்கு நேராக அடித்துக் கோபுரம் கறுத்துவிடும். அதற்கு மாலை நடைதான் சரி. இரண்டும் ஒரே நடையில் கிடைக்கும் என்று சொன்னால் நம்ப வேண்டாம்.

காலையா மாலையா என்பதை நீங்கள் எதற்காகப் போகிறீர்கள் என்பதை வைத்து முடிவு செய்யுங்கள். ஆறரை மணிக் கிளம்பலில் வாசல் கோலங்கள் புதிதாக இருக்கும், வண்டிகள் குறைவு, கைடு சொல்வது காதில் விழும். ஆனால் நகைக்கடை, பாத்திரக்கடை, பூஜைச் சாமான் கடை எல்லாம் மூடியிருக்கும். இழுத்துவிட்ட ஷட்டரைக் காட்டி "இங்கே இது விற்கும்" என்பார். நான்கு மணிக் கிளம்பலில் கடைகள் திறந்திருக்கும், ஆனால் கூட்டம். பிரதோஷ நாள் என்றால் நான்கரையிலிருந்து பிராகாரத்தில் நிற்கவே இடம் இருக்காது. மாதத்துக்கு இரண்டு பிரதோஷம் வரும், நாள்காட்டியைப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். இந்தச் சின்ன விஷயத்தைக் கவனிக்காமல் தேதி போடும் அமைப்பாளர்கள் உண்டு.

வடக்கு மாட வீதியில் நிறுத்தி நிதானமாகப் பார்க்க வேண்டியது நாட்டிய நகை. பரதநாட்டியத்துக்கான கெம்புக்கல் நகை விற்கும் கடைகள் இங்கே உண்டு. தலைசாமான், ராக்கொடி, ஜடைநாகம், வங்கி, ஒட்டியாணம் என்று தலையிலிருந்து இடுப்பு வரை ஒவ்வொன்றும் எங்கே அமர்கிறது என்று காட்டச் சொல்லுங்கள். நவராத்திரிக்கு முந்தைய வாரங்களில் இந்த வீதி முழுக்கக் கொலு பொம்மை. அந்தச் சமயத்தில் வரும் நடைக்கு வேறு எந்தக் கவர்ச்சியும் தேவையில்லை.

பழைய வீடுகளைப் பற்றி நடைகளில் அதிகம் பேசுகிறார்கள், குறைவாகக் காட்டுகிறார்கள். மாட வீதிகளில் எஞ்சியிருப்பவை சொற்பம்; முகப்பில் விளம்பரப் பலகை மறைத்திருக்கும். சித்திரகுளத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் இன்னும் திண்ணை, மரத்தூண், ஓட்டுத் தாழ்வாரம் உள்ள வீடுகள் கண்ணில் படும். இங்கே கைடு தலையைத் தூக்கிக் கூரையைப் பார்க்கச் சொல்ல வேண்டும். மெட்ராஸ் டெரஸ் என்பது இந்த ஊர்க் கட்டடக்கலையின் தனிச் சொத்து. மர உத்திரங்களின் மேல் சிறிய மெல்லிய செங்கற்களை விளிம்பில் நிற்க வைத்து, சுண்ணாம்புச் சாந்தில் சாய்வாக வரிசையாகப் பிடித்துவைப்பார்கள். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, பலகையால் நாள்கணக்கில் அடித்து இறுக்கி, கடைசியில் தட்டோடு பதிப்பார்கள். கம்பி கிடையாது, சிமென்ட் கிடையாது. வெயிலில் அறை குளிர்ச்சியாக இருப்பதற்கு இந்தத் தடிமனும் சுண்ணாம்பும் காரணம். கெடுவது எங்கே என்றால், மழைநீர் தேங்கி உத்திரத்தின் சுவருக்குள் புதைந்த முனை உளுத்துப்போகும் இடத்தில். பழுதுபார்க்கிறேன் என்று மேலே சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளேயே அடைபட்டு இன்னும் வேகமாகக் கெடும். இதை விளக்கத் தெரிந்த ஒருவர் கூட வந்தால், இடிந்து கிடக்கும் ஒரு வீடும் பாடம் நடத்தும். ஒரு வேண்டுகோள்: இவை ஆட்கள் குடியிருக்கும் வீடுகள். முன்கூட்டிக் கேட்டு அனுமதி பெறாத வீட்டின் திண்ணையில் குழுவை உட்கார வைக்கும், ஜன்னல் வழியே படம் எடுக்க விடும் கைடிடம் அப்போதே வேண்டாம் என்று சொல்லுங்கள். அப்படி நடந்த தெருக்களில் அடுத்த குழுவுக்குக் கதவு திறக்காது.

தெற்கு மாட வீதியின் காய்கறிக் கடைகளைச் சாப்பாட்டு நடைக்காரர்கள் தவிர மற்றவர்கள் வேகமாகக் கடந்துபோகிறார்கள். அங்கே கால் மணி நேரமாவது நிற்க வேண்டும். பொடியாக நறுக்கிய வாழைத்தண்டு, ஆய்ந்த வாழைப்பூ, சுண்டைக்காய், மணத்தக்காளி, மாங்காய் இஞ்சி, பருவத்தில் மாகாளிக்கிழங்கு என்று இந்தப் பகுதி வீடுகளின் சமையலறையையே தெருவில் பார்க்கலாம். மாகாளிக்கிழங்கை நறுக்கிக் காட்டச் சொல்லி முகர்ந்து பாருங்கள். அந்த நெடியைப் பிடிக்காதவர்கள் ஏராளம், பிடித்தவர்கள் தயிர்சாதத்துக்கு வேறு ஊறுகாய் கேட்கமாட்டார்கள். ஏதாவது கால் கிலோ வாங்கிவிட்டுப் படம் எடுப்பதுதான் மரியாதை. இதே வீதியில்தான் வெள்ளீசுவரர் கோயில், மயிலையின் ஏழு சிவத்தலங்களில் ஒன்று. பெரிய கோயிலின் கூட்டத்துக்குப் பிறகு ஐந்து நிமிடம் இங்கே நின்றால் மூச்சு சமநிலைக்கு வரும்.

சித்திரகுளத்தின் அருகே ஆதிகேசவப் பெருமாள் கோயில். முதலாழ்வார் மூவரில் பேயாழ்வார் மயிலையில் கிணற்றில் செவ்வல்லி மலரில் தோன்றியவர் என்பது வைணவ மரபு. அருண்டேல் தெருவில் அந்தக் கிணற்றை அவதாரத் தலமாகப் போற்றுகிறார்கள். மயிலாப்பூர் என்றாலே சிவன் கோயில் என்று முடித்துவிடும் நடைகள் இதைத் தொடுவதே இல்லை, பெரிய இழப்பு.

அதே அருண்டேல் தெருவில்தான் ராயர்ஸ் கபே. இங்கே அமைப்பாளர்கள் செய்யும் வழக்கமான பிழை ஒன்று. ஞாயிறு காலை ஒன்பது மணிக்குப் பதினைந்து பேரைக் கூட்டிக்கொண்டு போய் நிற்பார்கள். உள்ளே இருப்பதோ சில மேசைகள். காத்திருந்து சாப்பிட்டு வருவதற்குள் நடை சிதறிவிடும், பாதிப் பேர் விடைபெற்றுப் போய்விடுவார்கள். டிபன் நடையின் கடைசியில் இருக்க வேண்டும், குழுவை நான்கு நான்கு பேராகப் பிரிக்க வேண்டும், அல்லது பொன்னம்பல வாத்தியார் தெருவின் ஜன்னல் கடை போல நின்றபடி வாங்கிச் சாப்பிடும் இடமாக இருக்க வேண்டும். "டிபன் உட்பட" என்றால் என்னென்ன, ஒரு காபியும் வடையுமா, முழு டிபனா என்று கேளுங்கள். வெறும் வயிற்றோடு வந்து ஒன்பதரை வரை தாங்காதவர்கள் கிளம்பும்போதே இரண்டு வாழைப்பழம் சாப்பிட்டுவிடுவது நல்லது.

கச்சேரி சாலை பாதையில் வந்தால் கைடுக்கு மூன்றாவது சோதனை. கச்சேரி என்றதும் பாட்டுக் கச்சேரி, சபா, மார்கழி என்று பேச ஆரம்பித்தால் அவர் பெயரை வைத்து ஊகிக்கிறார் என்று அர்த்தம். இது அலுவலகம், நீதிமன்றம் என்ற பொருளில் வரும் பழைய கச்சேரி. இந்தச் சாலையில் நூறாண்டைக் கடந்த நாட்டு மருந்துக் கடையான டப்பா செட்டி கடை இருக்கிறது. பிரசவ லேகியம் கேட்டு மூன்று தலைமுறையாக வருகிற குடும்பங்கள் உண்டு. கடைக்காரருக்கு வியாபார நேரம் என்பதால் குழுவாக உள்ளே நெரிக்காமல் ஒருவர் இருவராகப் போங்கள்.

லஸ், சாந்தோம் இரண்டுக்கும் தனி நாள் வையுங்கள். காட்டுக்கோயில் என்று மக்கள் சொல்லும் லஸ் சர்ச்சில் 1516 என்ற ஆண்டு பொறித்த கல் உண்டு. அந்த ஆண்டை எல்லா ஆய்வாளரும் ஏற்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்வதே முறை. லஸ் என்பது போர்ச்சுகீசியத்தில் ஒளி. சாந்தோம் பசிலிக்காவின் இன்றைய கட்டடம் 1896இல் ஆனது. தோமையாரின் கல்லறைச் சிற்றாலயத்துக்குத் தனி வழியாகக் கீழே இறங்கிப் போக வேண்டும். ஞாயிறு காலைப் பூசை நேரத்தில் குழுவாகப் போகாதீர்கள்.

குழுவின் அளவுக்கு வருவோம். பன்னிரண்டு பேர் வரை வாய்க்குரலே போதும். பதினைந்தைத் தாண்டினால் பின்வரிசைக்குக் கேட்காது. மாட வீதியின் ஹார்ன் சத்தத்தில் சொன்னதில் பாதி போய்விடும். சிலர் இடுப்பில் ஸ்பீக்கர் கட்டிக்கொண்டு வருகிறார்கள். அது தெருவில் சரி, கோயிலுக்குள் தரிசனத்துக்கு வந்தவர்களைத் தொந்தரவு செய்யும். ஆளுக்கு ஒரு காதுக்கருவி தருகிற ஏற்பாடு இருந்தால் இருபது பேர் வரை பரவாயில்லை. ஆகஸ்ட் இலவச நடைகளில் ஐம்பது பேர் கூடிவிடுவது சகஜம். கைடு மிக நல்லவராக இருந்தாலும் நான்காவது வரிசையில் நிற்பவருக்கு அது வெறும் காலை உலாதான். அதற்குப் போவதாக இருந்தால் கைடின் தோளுக்குப் பக்கத்திலேயே நடங்கள்.

பங்குனிப் பெருவிழாவின் பத்து நாட்களில் நடை வேண்டாம், விழாவுக்கே வாருங்கள். மூன்றாம் நாள் அதிகார நந்தி, ஏழாம் நாள் தேர், எட்டாம் நாள் அறுபத்துமூவர். அறுபத்துமூவர் அன்று மாட வீதிகளில் நகரவே இடமிருக்காது, நடை போட்டிருந்தால் அமைப்பாளருக்கு ஊர் தெரியாது என்று வைத்துக்கொள்ளலாம். தைப்பூசத்தை ஒட்டி மூன்று நாள் தெப்பம். அந்த மாலைகளில் குளக்கரை நடை அருமை. மார்கழி விடியலில் மாட வீதி பஜனை உண்டு. பாபநாசம் சிவன் முன்னின்று பாடி நடந்த வீதிகள் இவை. அந்த மாதத்தில் ஆறரைக்குப் பதில் ஐந்தரைக்குக் கிளம்பும் நடை கிடைத்தால் யோசிக்காமல் சேருங்கள். அக்டோபர் பாதியிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. மழையில் ரத்தானால் பணம் திரும்புமா, வேறு தேதி தருவார்களா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

வழியில் நல்ல கழிப்பறை கிடைப்பது கடினம். டிபன் நிறுத்தம் கடைசியில் என்றால் அதுவரை இரண்டு மணி நேரம் தாங்க வேண்டும், வயதானவர்களோடு வருபவர்கள் இதை மறக்க வேண்டாம். நடைபாதை பல இடங்களில் உடைந்தும் படியாகவும் இருப்பதால் சக்கர நாற்காலிக்குத் தோதில்லை. எட்டு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகள் ஒரு மணி நேரத்துக்கு மேல் தாங்கமாட்டார்கள். குளத்து மீனுக்குப் போடும் பொரியும் கொலு பொம்மையும்தான் அவர்களுக்கு வேண்டியது. தண்ணீர் ஒரு லிட்டர், தொப்பி, எளிதில் கழற்றும் செருப்பு. நடை தெற்கு மாட வீதியில் முடிவதாக இருந்தால் ஒரு துணிப்பையும் எடுத்துக்கொள்ளுங்கள், வாழைத்தண்டை அங்கேயே நறுக்கித் தருவார்கள்.